பாக்கி ஏழு

முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு.
எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி
தோல் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து கிடந்த இடத்தில்
அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை.
சட்டைப் பையில் ஆம்பூர் பேருந்துச் சீட்டு,
பாதி கடித்த கடலைமிட்டாய்.
அடுக்கம்பாறை வரைக்கும் என் உள்ளங்கைகள்
அவன் நெஞ்சின்மேல்.
வாசலில் ஸ்ட்ரெச்சர் இறங்கியது.
எண்ணிக்கொண்டே கூட ஓடினேன்.
இருபத்துமூன்றில்
"போதும்மா" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு எல்லாம்
இருபத்துநான்கிலிருந்தே தொடங்கின.
குக்கர் விசில் இருபத்துநான்கு.
மாடிப்படி, மகளின் சடையில் ஒவ்வொரு மடிப்பு,
கோட்டை அகழியோரத்துக் கம்பிகள்.
முப்பது வந்ததும் நின்றுவிடுவேன்,
யாரோ எழுந்து உட்காரப்போவதுபோல.
அடுப்பில் பால் மட்டும் எழுந்தது.

அலுவலகத்திலிருந்து ஒரு தாள் கொடுத்தார்கள்.
தூக்கம் எப்படி, பசி எப்படி,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.
ஒன்றிலிருந்து எனக்கு எண்ண வரவில்லை
என்று எழுத அதில் கோடு இல்லை.

பாலாற்று மணலை வெயில் வறுத்தெடுத்த ஒரு மதியம்
முனவ்வர் அண்ணன் வண்டியைக் கழுவினார்,
நான் உள்ளே தரையைத் தேய்த்தேன்.
தண்ணீர் முதலில் பழுப்பாக ஓடியது,
வெகுநேரம் கழித்துத் தண்ணீராக.
எதற்கென்று தெரியாமல் சொன்னேன்,
அந்த ஏழு பாக்கியை.

அவர் குழாயை மூடவில்லை.
"நீ எண்றது முன் சீட்டுக்குக் கேக்கும்மா.
அன்னிக்கு நீ எண்ணிக்கினே இறங்கின,
நான் இன்ஜினை அணைச்சிட்டேன்.
அணைச்சிருக்கக் கூடாதோன்னு
இப்ப எங்க நிறுத்தினாலும்
கொஞ்ச நேரம் ஓடவுட்டுத்தான் அணைக்கிறேன்.
டீசல் எங்க போவுதுன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க."

சிரித்துவிட்டேன்.
அவருக்கும் சிரிப்பு வந்து, உடனே முகத்தைக் கழுவிக்கொண்டார்.
ஏழு இன்னும் ஏழாகத்தான் இருக்கிறது.
ஸ்ட்ரெச்சரை எப்போதும் இரண்டு பேர்தானே தூக்குகிறோம்,
இதை மட்டும் ஏன் தனியாகச் சுமந்தேன்?

போன் அடித்தது.
விரிஞ்சிபுரம், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்,
மூச்சு இருக்கிறதாம், சீக்கிரம் வரச் சொல்கிறார்கள்.
ஈரத் தரையில் வழுக்கி, கம்பியைப் பிடித்து ஏறினேன்.
வாளி வெளியிலேயே நின்றுவிட்டது.
கையுறைக்குள் ஒவ்வொரு விரலாக நுழைத்தபோது
வாய் தானாக முணுமுணுத்தது:
ஒன்று.