ஸ்டாண்ட்பை இல்லாத பம்ப்

ஜுபைலில் வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
கிளினிக்குக்குள்
சட்டையில்லாமல் குளிர்கிறது எனக்கு.
மார்பில் அங்கங்கே முடி மழித்து
பத்து ஒயர்களை ஒட்டுகிறாள் ஜெஸ்னா,
கொல்லத்துக்காரி.
"பேடிக்கண்டா" என்கிறாள்.
பயமில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
திரையில் எழுபத்திரண்டு எண்பத்தொன்பது ஆகிறது.
பெல்ட் இன்னும் நகரவே இல்லை.
"ஓடப் போறோம்னு அதுக்குத் தெரியும்"
வளர்க்கும் நாயைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறாள்.

பத்தொன்பது வருடமாக பம்ப் பார்க்கிறவன் நான்.
கடலை உள்ளே இழுப்பது,
உப்பு கழித்த நீரை ரியாத் பக்கம் தள்ளுவது,
எதற்கும் ஒரு ஜோடி உண்டு எங்களிடம்.
ஒன்று ஓடும், ஒன்று நிற்கும்,
திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளும்.
அதனால் கேட்டேன்:
இதற்கு ஸ்டாண்ட்பை எங்கே?

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இக்பாலைக் கண்டெடுத்தது நான்தான்.
போன ஆகஸ்ட், பம்ப் ஹவுஸ் நாலு, ஏணியடி.
உட்கார்ந்தவன் உட்கார்ந்த மாதிரியே இருந்தான்,
மடியில் இருபத்துநாலாம் நம்பர் ஸ்பானர்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குப் பிறகுதான்
நாற்பத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் இந்த ஓட்டம்.

நடக்கிறேன். எங்கும் போய்ச்சேராத நடை.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
தலையைத் தூக்குகிறது பெல்ட்.
சும்மா கிடக்கையில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டராம்.
ஏறும்போது பதினைந்து, சிலருக்கு இருபது.
உடம்பில் இருப்பதே மொத்தம் ஐந்துதான்;
அதே இரத்தம், சுற்றுக்குத்தான் அவசரம்.
எங்கள் லைனில் இப்படிக் கேட்டால்
இம்பெல்லர் சிதறிவிடும்.

குடலுக்குப் போகும் வால்வை யாரோ பாதி மூடுகிறார்கள்.
தொடைக்குப் போவதை முழுக்கத் திறக்கிறார்கள்.
கண்ட்ரோல் ரூமில் யார் ஷிப்ட் என்று தெரியவில்லை,
கெட்டிக்காரன்.
கெண்டைக்கால் ஒவ்வோர் எட்டிலும் இறுகி
கீழே தேங்கியதைப் பிழிந்து மேலே அனுப்புகிறது.
பூஸ்டர்!
வந்து சேர்வது கூடக்கூட
இதயமும் இன்னும் விரிந்து வாங்கி
இன்னும் அழுத்தித் தள்ளுமாம்.
வந்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத உறுப்பு,
சம்பளத் தேதியில் என்னைப்போல.

நூற்றி முப்பது. நூற்றி முப்பத்தெட்டு.
வியர்வையில் ஒயர் ஒன்று கழன்று
திரையில் ஒரு கணம் நான் இல்லை.
ஜெஸ்னா அழுத்தி ஒட்டினாள். வந்தேன்.

இரைக்க இரைக்கக் கேட்கிறேன்:
எல்லோருக்கும் தள்ளுகிறதே,
தன் பங்கை அது எப்போது எடுத்துக்கொள்கிறது?

"தள்ளும்போது இல்ல சேட்டா.
இறுகியிருக்கும்போது அதோட சதைக்குள்ள ரத்தம் சரியாப் போகாது.
தள்ளி முடிச்சு விடுதில்லையா, அந்த கேப்புல.
நீங்க ஓட ஓட கேப் சின்னதாகும்."

லப் டப் என்று பள்ளியில் எழுதினோம்.
டப்புக்குப் பிறகு என்ன வரும் என்று
எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

இருநூற்றிருபதில் என் வயதைக் கழித்து,
அதிலும் கொஞ்சம் இரக்கப்பட்டுக் குறைத்து
எனக்கென்று வைத்த எல்லை நூற்றி நாற்பத்தேழு.
"மதி, மதி."
பெல்ட்டைச் சட்டென்று நிறுத்தாமல்
மெல்ல நடக்கவிட்டாள்.
ஒரே நிமிடத்தில் நூற்றிப் பதினெட்டுக்கு இறங்கியது.
நல்ல இறக்கமாம்.
மரியதாஸ் குரூஸ், நாற்பத்தேழு, என்று தலைப்பிட்ட தாளில்
மலையும் பள்ளமுமாக நீண்டு வந்தேன்.
நான் பள்ளங்களை மட்டும் பார்த்தேன்.

சட்டை மாட்டும்போது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது.
கோடையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை
வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம்.
அந்த மூன்று மணி நேரத்தில்தான்
டெஸ்ட் போட்டிருந்தது கம்பெனி.
வேலை கெடக்கூடாதில்லையா.

வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது.
டப்பாவில் சோறு கட்டியது கட்டியபடி.
டிரைவரிடம் போய்ச் சொன்னேன்:
பத்து நிமிஷம் பொறு,
சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.