கோடு வரைக்கும்

கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து
கடலுக்கு நடந்தால் நாலு நிமிடம்.
ஆனாலும் மார்கழியில் நான்
பாசிக்குடாவிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருவேன்.
முகத்துவாரம் வெட்டிவிட்டார்களென்றால்
வாவி மண் நிறத்தில் கடலுக்குள் இறங்கும்,
உப்புமானி ஆயிரத்துப் பதினெட்டைத் தாண்டாது.
என் மீன்களுக்கு இருபத்தைந்து வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும்
இருபது லீற்றர்க் கலன்கள்.
கிரானில் பொலிஸ் மறித்தது.
"மே மொகக்த?"
"முகுது வத்துர."
கசிப்பென்றே நினைத்தார்.
மூடி திறந்து மணந்தார்,
விரல் விட்டு நக்கினார்,
காறித் துப்பினார்.
பிறகு, எனக்குத் தெரியாதென்பதுபோல,
கடல் எந்தப் பக்கமென்று
கையை நீட்டிக் காட்டினார்.

இது தர்மினியின் வீடு.
எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான்
பெட்டியோடு வந்து சேருவான்;
நான் செங்கலடியிலிருந்து வந்தேன், கல்யாணத்தன்று.
முன்னறைச் சுவரில்
சுவிச்சுக்கு மேலே நாலு விரல் உயரத்தில்
ஒரு கோடு இருந்ததாம்.
மூன்று தரம் பெயின்ற் அடித்தாயிற்று.
கரண்ட் போன இரவிலும்
கையை வைத்துச் சரியாகக் காட்டுவாள்.
அவளுக்கு அப்போது பதினேழு வயது.
அதற்குப் பிறகு
கடற்கரைப் பக்கம் போனதில்லை.

தொட்டி வாங்கப்போகிறேன் என்றபோது
வேண்டாமென்று சொல்லவில்லை.
"எங்க வைக்கப்போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.
எதிர்ச் சுவரோடு வைத்தேன்.

ஆறு கிழமை மீனே இல்லை.
தண்ணீர், மணல், ஒரு கல்.
சுண்ணாம்புச் சூளைக்குத் தப்பி
யாரோ வீட்டு வேலியோரம் கிடந்த
பழைய முருகைக் கல்.
அதில் கண்ணுக்குத் தெரியாத சீவன்கள்
முதலில் குடியேற வேண்டும் என்றேன்.
"வெறும் தண்ணியக் காவல் காக்கிறீங்க" என்று
தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

மறுகா, வாழைச்சேனை ஹில்மி
பொலித்தீன் பையில் ஒக்சிசன் அடைத்துக்
கொண்டுவந்தான்: கோமாளி மீன் இரண்டு, நீலம் ஒன்று.
பெரியதன் வாலில் கிழிசல்,
கொழும்புக் கம்பனி எடுக்காதாம்.
பெரியது பெண், சிறியது ஆண்,
பெண் செத்தால் ஆண் பெண்ணாகிவிடும் என்று
படித்ததைச் சொன்னேன்.
"அப்ப சமையல் தெரியுமா அதுக்கு?" என்றாள்.
ஹில்மி சிரித்ததில் பை ஆடியது.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய பங்குனியில்
எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரவு வேலை.
அங்கே ஜெனரேற்றர் இரைந்தது.
யார் யாருடையதோ இரத்தத்தைச் சுழலவிட்டுவிட்டு
இரண்டு மணிக்கு வீட்டுக்கு எடுத்தேன்.
மோட்டர் நின்றால் மீன் மூச்சுமுட்டும்,
எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று
நான் இழுத்துக்கொண்டிருக்க,
"ஊத்திக்கொண்டுதான் இருக்கன். வைங்க" என்றாள்.

விடிய வந்தேன்.
கதிரையில் தலை சரிந்து தூங்குகிறாள்.
மடியில் பால் ஜக்கு.
அள்ளி, உயர்த்தி, ஊற்றி,
அள்ளி, உயர்த்தி, ஊற்றி
இரவு முழுக்க.
வலக்கையில் முழங்கை வரைக்கும்
உப்புக் காய்ந்து வெள்ளையாய் நின்றது
ஒரு கோடு.
துடைக்கப் போய், விட்டுவிட்டேன்.

நீலம் செத்துப்போனது.
மற்ற இரண்டும் கல்லின் இடுக்கில்
முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு.

ஆவியாய்ப் போவது நல்ல தண்ணீர்தான்.
உப்புப் போகாது, தொட்டியிலேயே தங்கும்.
குறைந்ததற்குக் கடலை ஊற்றக்கூடாது.
இப்போதெல்லாம் இதை எனக்குச் சொல்வது அவள்தான்.
கிணற்றுத் தண்ணீரும் ஆகாது என்பாள்,
காரணம் சொல்லமாட்டாள்.
கண்ணாடியில் கறுப்பு மார்க்கரால்
அவளே கீறிவைத்திருக்கிறாள்.

நேற்று அரை விரற்கடை இறங்கியிருந்தது.
வடிகட்டிய தண்ணீரை நான் மெல்ல ஊற்ற,
பக்கவாட்டில் குனிந்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"காணும்."
விரலை உள்ளே விட்டாள்.
கிழிசல் வால்க்காரி மேலே வந்து
நறுக்கென்று கொத்தினாள்.