வரிசையில் ஒரு செங்கல்

பீச் ரோட்டில் ஐந்தாம் மாடித் திரையரங்கு.
படம் ஓட்டுவது என் வேலை.
ஓட்டுவது என்று பழக்கத்தில் சொல்கிறேன்;
ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு
கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அந்த வாரம் முழுக்க வியட்நாம்.
திங்கள் சண்டை. செவ்வாயும் சண்டை.
ஹெலிகாப்டர் வந்தால் ஒலியைக் குறைக்கச் சொன்னார் மேலாளர்,
கீழே முடிதிருத்தும் கடையில் கண்ணாடி அதிர்கிறதாம்.
புதன்கிழமைதான் போர் முடிந்தது.
அன்று வந்தவர்கள் பதினொரு பேர்.

இரண்டு நாற்காலி தள்ளி ஓர் அம்மாள்.
ஜூ சியாட்டில் ஃபோ கடையில் எலும்பு கொதிக்க வைப்பவள் என்று
பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது
அவள் முடியிலிருந்து வந்த அன்னாசிப்பூ வாசனை மட்டும்.
அவள் சிரிப்பாள்.
அரை நொடி கழித்துத் திரையின் அடியில் ஆங்கிலம் வரும்.
மற்ற பத்துப் பேரும் சிரிப்பார்கள்.
படம் நெடுக இப்படித்தான்:
அவள் முன்னால் நடந்தாள்,
நாங்கள் எழுத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

பிறகு அந்தக் காட்சி.
மண்ணெண்ணெய்க் கடை வாசல். இன்னும் விடியவில்லை.
நீளமான வரிசை. வரிசையில் ஆளே இல்லை,
செங்கற்கள்.
ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பெயர்.
ஒரு நாய் மோந்துகொண்டே கடைசிவரை போகிறது.
மூன்று நிமிடம் வசனமில்லை, அடியில் எழுத்துமில்லை.
கோப்பில் ஏதோ கோளாறு என்று பாதி எழுந்துவிட்டேன்.
அவள் முன்னே சாய்ந்து
கல் கல்லாக, உதட்டுக்குள்,
பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.

படம் விட்டதும் எதிரே உணவங்காடி. மதிய நேரம், இடமில்லை.
எப்படியோ மூன்று முக்காலி பிடித்தாள்.
ஒன்றில் அவள், ஒன்றில் அவள் பை,
ஒன்றில் டிஷ்யூ பொட்டலம்.
இங்கே அதற்கு 'சோப்' என்று பெயர். குளிக்கிற சோப்பில்லை.
நான் கோப்பி-ஓ வாங்கி வந்து, பையை எடுத்துக் கொடுத்துவிட்டு
உட்கார்ந்து பெயர் கேட்டேன்.

ஞுங்.
மற்றவர்கள் நங் என்பார்களாம், பரவாயில்லையாம்.
ஒன்றாம் வகுப்பில் ஞ ஞா ஞி ஞீ ஞு என்று
பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.
அந்த ஞு எந்தச் சொல்லுக்கும் உதவியதில்லை.
நாற்பது வருடம் கழித்து வேலை வந்தது.

"படத்தில் கல்லெல்லாம் புதுசு" என்றாள்.
"எங்கள் கல் மூலை உடைந்தது.
ஹாய்ஃபோங்கில் குண்டு விழுந்த வீட்டுச் சுவர்.
அம்மா இரண்டு வைப்பாள். ஒன்றில் அவள் பெயர்.
இன்னொன்றில் அப்பா பெயர்.
அப்பா எழுபத்திரண்டில் தெற்கே போனவர்.
மழை பெய்தால் அழிந்துவிடும், மறுபடி எழுத வேண்டும்.
நான் எழுதப் படித்ததே அந்தக் கல்லில்தான்."

"அவருக்கும் எண்ணெய் கொடுத்தார்களா?"

"கூப்பன் இல்லையே. முறை வந்ததும்
பின்னால் இருப்பவர் தாண்டிப்போய் வாங்கிக்கொள்வார்.
ஆனால் யாரும் எடுத்து எறிந்ததில்லை.
ஆளுக்கு ஒரு தள்ளு, காலால்,
கடை வாசல்வரை கொண்டுவந்துவிடுவார்கள்."

கோப்பியில் ஆடை படிந்திருந்தது. பால் இல்லாத கோப்பியில்
ஆடை ஏது, விளக்கு வெளிச்சம்தான்.
வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை எனக்கு.

தட்டோடு ஒருவர் வந்து நின்றார்,
கழுத்தில் அலுவலக அட்டை, நெற்றியில் வேர்வை.
மூன்றாம் முக்காலியைக் கண்ணால் காட்டி,
"ஆள் இருக்கா?"

ஞுங் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள்.
அரை நொடி இருக்கும்.
அடியில் எழுத்து எதுவும் வரவில்லை.

பிறகு அதைக் கையில் எடுத்து, பிரித்து,
மேசையில் யாரோ சிந்திய சம்பலைத் துடைத்து,
"உட்காருங்க" என்றாள்.