கொழும்புக் கடை

பலகையில் கொலம்பியா என்றுதான் எழுதியிருக்கிறது.
காரைக்குடி பர்மா காலனி முழுக்க
அது கொழும்புக் கடை.

கொத்துப் பரோட்டா கேட்டு உட்கார்ந்தவர்களுக்கு
யொலாந்தா அரேப்பா கொண்டுவந்து வைக்கிறாள்.
சோளமாவைத் தட்டிக் கல்லில் வாட்டி
நடுவில் கீறி வெண்ணெய் திணித்தது.
திட்டிக்கொண்டே தின்றுவிட்டு
மறுநாளும் வருகிறார்கள்,
இன்றைக்காவது பரோட்டா உண்டா என்று கேட்க.

நான் புதன்கிழமை.
கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீடு முடித்து
விரல் நுனியில் உரைகல் கரியோடு
ஏழரைக்கு வருவேன்.
இந்த ஊரில் ஒருத்தி தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால்
தண்ணீர் வைக்கிற பையன்கூட
எதிர் நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான்
தம்ளரைக் கீழே வைப்பான்.
"இன்னும் யாராச்சும் வரணுமாக்கா?"

யொலாந்தா கேட்டதில்லை.
முதல் நாளே என் கைப்பையை வாங்கி
எதிரே உட்கார வைத்தாள்.

அவள் தமிழில் 'ங்க' கிடையாது.
கிளை மேலாளரிடமும் "நீ, உப்பு போதுமா?"
போக்குவரத்து ஏட்டிடமும் "நீ வண்டியத் தள்ளி வை."
வயிரவன்தான் ஒருநாள் சொன்னான்.
கார்த்தஹேனாத் துறைமுகத்தில்
பதினோரு வாரம் பழுதாகி நின்ற கப்பலில் இருந்தவன்;
சரியானது கப்பல் மட்டும்.
அவள் மலையிலிருந்து இறங்கி அங்கே சமைக்க வந்தவள்.
"அவ ஊர்ல நாயைக்கூட மரியாதையாத்தான் கூப்பிடுவாங்க, மேடம்.
எங்கம்மா அவகிட்ட பேசின தமிழத்தான்
அவ ஊருக்கெல்லாம் பேசுறா."
சொல்லிவிட்டுக் கல்லாச் சில்லறையை எண்ணினான்,
எண்ணியதையே மறுபடியும்.

இந்தப் புதன் காலை பதினொன்றரைக்கு
கவுண்ட்டரில் என் முன்னால் அவள்.
ஈர முந்தானை, ஒரு மோதிரம்.
பச்சைக் கல்.
அவள் மலையின் வயிற்றில் வெட்டியெடுத்ததாம்.

மூன்று கிராம் நானூறு மில்லி.
கல் எடை முந்நூறு கழிவு.
நிகரம் மூன்று நூறு என்று எழுதினேன்.
தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"நீ கல்லை ஏன் கழிச்ச?"
"தங்கத்துக்குத்தான் கடன். கல்லுக்குக் கிடையாது."
"யாரு சொன்னது?"
"விதி."
கையெழுத்தை அவள் ஊர் எழுத்தில் நீளமாகப் போட்டாள்.
எதற்குப் பணம் என்று நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது;
'வியாபாரம்' என்று நானே நிரப்பினேன்.

அன்றைக்கு ஏழரை எட்டாயிற்று.
செக்காலை ரோட்டில் இரண்டு முறை
ஸ்கூட்டியைத் திருப்பியபின் போனேன்.
மழை பிடித்துக்கொண்டது.
பையை வாங்கி எதிரே வைத்தாள்.
கேட்காமலே அஹியாக்கோ வந்தது.
கோழியோடு குழைந்து கரைய மூன்று கிழங்கு வேண்டும் அதற்கு.
அவள் ஊர்க் கிழங்குகள் இங்கே ஏது?
ஊட்டி உருளை ஒன்று,
சேனை ஒன்று,
கிடைத்தால் சிறுகிழங்கு.
நடுவே பாதிக் கதிர் சோளம்,
முங்கியும் முங்காமலும்.
அவளுடைய விரலில்
மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.
நான் கிண்ணத்தையே பார்த்துச் சாப்பிட்டேன்.

கடித்துப் போட்ட சோளத் தண்டை எடுத்துப் போனாள்.
பார்சலுக்கு நிறுக்கிற தராசில் வைத்தாள்.
குனிந்து பார்த்தாள்,
நான் பார்ப்பது போலவே
ஒரு கண்ணை இடுக்கி.

"முப்பத்தெட்டு கிராம். நீ திங்கல.
கழிச்சுட்டேன்."

நூற்றறுபதை அடித்து
நூற்றைம்பத்தொன்று என்று எழுதிய சீட்டு.
வயிரவன் தலை நிமிரவில்லை; தோள் மட்டும் குலுங்கியது.
எனக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது,
மூக்கில் மிளகு ஏறினாற்போல, கண்ணில் தண்ணீரோடு.

வாசலில் யாரோ குடையை உதறினார்கள்.
"கொத்துப் பரோட்டா இருக்கா?"

"நீ உக்காரு" என்றாள்.