நாலு கிலோ எழுநூறு

சர்ச் பேஸ் கிட்டாரை ஃபாதர் திருப்பிக் கேட்டுவிட்டார்.
பதினோரு வருஷ இரவல்.
ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாங்கியது
சனிக்கிழமை ராத்திரி பெரம்பூர் இன்ஸ்டிடியூட்டில்
விஸ்கியையும் ஓடிப்போன பெண்டாட்டியையும்
பாடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்பது
யார் மூலமாவது காதுக்குப் போயிருக்கும்.

சீட்டை எடுத்தேன். தள்ளு போக
இருபத்து மூவாயிரம்.

பிராட்வேயில் ஒரு மாடிக்கடை.
ஐந்து தந்தி, முதுகில் பேட்டரி,
கிளிமூக்கு மாங்காய்ப் பச்சையில் பளபளத்த ஒன்றை
கடைப்பையன் இறக்கினான்.
"தம்பிக்காக்கா?"
எனக்கு.
அவனே வாசித்துக் காட்டினான்.
கட்டைவிரல் அறைய, ஆள்காட்டி பிடுங்க,
மின்ட் தெருவில் மாலை ஆறு மணி:
எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாரன்.
"என்ன மாதிரி மியூசிக் வாசிப்பீங்க?"
கன்ட்ரி.
"எந்தக் கன்ட்ரி?"
பெரம்பூர் என்றேன்.

டெஸ்மண்ட் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.
ஆணோ பெண்ணோ அவருக்கு எல்லோரும் மேன்.
"ஒண்ணு, அப்பால அஞ்சு. ஒண்ணு, அஞ்சு.
நடுவுல கைய வச்சிக்கினு சும்மா இரு மேன்."
நம்ம கணக்கில் ச, ப. அவ்வளவுதான்.
சும்மா இருப்பதற்குத்தான் கருவி தேடுகிறேன் என்று
கடையில் எப்படிச் சொல்வது?

விலை குறைந்த இன்னொன்றைக் காட்டினான்.
சொருகியதும் இரைந்தது.
எனக்குத் தெரிந்த இரைச்சல்.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்;
கம்ப்ரெஸர் விடியலிலிருந்து ஒரே சுருதி.
ஒருநாள் ட்யூனரை வைத்துப் பார்த்தேன்:
ஜி, மயிரிழை கூட.
சம்பளம் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

பிறகு வியாசர்பாடி, மூன்றாம் மாடி,
லிஃப்டில் யாரோ கட்டிலை மாட்டவைத்திருந்தார்கள்.
விற்கிறவன் மதியரசு. மண்டையோட்டு பனியன்.
நேற்று வரைக்கும் மெட்டல்,
இன்றைக்கு மகள் பிறந்து இருபதாம் நாள்.
நாலு தந்தி. இரண்டாய்ப் பிளந்த காந்தம்.
வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ்,
மூன்றாவது இல்லை என்பதே பாதி நிம்மதி.
கையெடுத்தேன்,
ஆம்ப் வாயை மூடிக்கொண்டது.

"கம்பிதான் செத்துப்போச்சிக்கா, புதுசு போட்டுத் தரேன்."
தொடாதே.
அந்தச் சாவுதான் எனக்கு வேண்டும்.
விரல் எண்ணெய் ஏறி, மினுக்கு இறங்கி,
மணி போல நீண்டு ஒலிக்காமல்,
கொருக்குப்பேட்டையில் நடுராத்திரி
வேகனோடு வேகனைக் கோக்கும்போது வருமே,
தொம்.
வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்
அந்தத் தொம்.

பையில் கம்பெனித் தராசு இருந்தது, கொக்கி வைத்தது.
பேஸைத் தூக்கி மாட்டினேன்.
நாலு கிலோ எழுநூறு.
"வஞ்சிரத்தக் கூட இப்டி நிறுக்க மாட்டாங்கக்கா."
வஞ்சிரத்தை யார் தம்பி
நாலு மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்?

ச, ப. ச, ப.
ஒரு பாட்டு நீளத்துக்கு, மெதுவாக.
உள்ளறையில் குழந்தை தூங்கிக்கொண்டேயிருந்தது.
மதியரசுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.
எனக்கு வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.
பதினெட்டு கேட்டான், பதினாறரைக்கு முடிந்தது.
படி இறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்து
உறையை மறந்துவிட்டேன் என்று கொடுத்தான்;
அதை ஒருமுறை தடவிவிட்டுத்தான் கொடுத்தான்.

சனிக்கிழமை யாரும் கவனிக்கவில்லை.
மூன்றாம் பாட்டு முடிந்து டெஸ்மண்ட் திரும்பினார்.
"என்னவோ மாத்திக்கிற மேன்."
ஏன், கேட்கிறதா?
"கேக்கல. அதான்."

கீழே மிஸஸ் டிக்ரூஸ், முட்டி ஆபரேஷன் ஆனவர்,
சும்மா இருந்த இடங்களிலெல்லாம்
கால் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

இடது தோள் கடுக்கிறது.
மீதி ஆறாயிரத்து ஐநூறில்
முதலில்
அகலமாக ஒரு தோல்பட்டை.