பெட்டியின் சுருதி

ஒன்பதாம் நாள் இரவு
தையல் ஓரத்தில் ஈரம்.
பால் என்று நினைத்தேன்,
அந்த நாட்களில் எல்லா ஈரமும் எனக்குப் பால்தான்.
விரலால் தொட்டு மணந்து பார்த்தேன்.
பால் இல்லை.

எட்மண்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
என் உடம்பில் முப்பத்தொன்பதரை.
சுகிர்தன் காரைச் சூடாக்கப் போனான்.
தூக்கக் கூடாது என்று சொன்ன பிள்ளையைத்
தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்,
எரிகிற வீட்டுக்குள் இருந்து வந்தவள் போல
ஆவி பறக்க.

முதல் மருந்து கேட்கவில்லை.
இரண்டாவதில் பிள்ளைக்கு வயிற்றால் போனது.
மூன்றாவது, புறங்கையில் குழாய் குத்தி.
டாக்டர் தையலை நாலு விரற்கடை திறந்துவிட்டார்.
மேலால் மூடினால் உள்ளே பழுக்குமாம்,
அடியில் இருந்துதான் ஆறி வரவேண்டுமாம்.

பிறகு ஒரு பெட்டி தந்தார்கள்,
பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி அளவு,
தோளில் மாட்ட வார்.
அதன் குழாய் என் சட்டைக்குள் இறங்கி
காயத்துக்குள் அடைத்த கறுப்புப் பஞ்சில் முடிந்தது.
உர்ர்ர் என்று இரவும் பகலும்
என்னை உறிஞ்சியது.

மேலே இவள்,
கீழே அது.
ஒருத்தி எடுத்தது வெள்ளை,
மற்றது எடுத்தது தேயிலைச் சாயம் போல ஒன்று.
நடுவில் நான்,
ஆறிப்போன கஞ்சிக் கோப்பையோடு.

கேக் பெட்டியோடு வந்தவர்கள் சொன்னார்கள்:
"பிள்ளை சுகம்தானே, பிறகென்ன?"
சுகம்தான்.
நான் பிள்ளை இல்லை.

வவுனியாவில் இருந்து அம்மா:
"காயம் குடிச்சனியா?"
மிளகு, மஞ்சள், ஓமம் எல்லாம் வறுத்து இடித்து
மூன்று பொட்டலம் அனுப்பியிருக்கிறா.
உடம்புக்கும் காயம் என்று பெயர்,
புண்ணுக்கும் அதுவே,
புண் ஆறக் குடிக்கிற சரக்குக்கும் அதுவே.
யானைக்கு அத்தனை பெயர் வைத்த பாஷை
இதற்கு மட்டும் ஏன் இப்படிக் கஞ்சத்தனம்?
குடிச்சனான் என்றேன்.
கமராவைத் தோளுக்குக் கீழே இறக்கவில்லை.

திங்கள், புதன், வெள்ளி மரிசெல் வருவாள்,
சப்பாத்துப் பனியை வாசலில் தட்டிவிட்டு.
பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு ஆழம் அளப்பாள்.
நாலு புள்ளி இரண்டு.
நாலு புள்ளி இரண்டு.
அடுத்த கிழமையும் நாலு புள்ளி இரண்டு.
பிளாஸ்டர் உரிக்கும்போது
"ஊது, மெழுகுதிரி அணைப்பது போல ஊது" என்பாள்.
எத்தனை மெழுகுதிரி அணைத்தேனோ தெரியாது.
பிறந்தநாள்காரி பக்கத்தில் நித்திரை.

சுகிர்தனுக்கு இரவு வேலை,
தெருவெல்லாம் பனி வழிக்கிற லொறி.
விடிய மூன்று மணிக்குப் பெட்டி அலறும்,
எங்கோ காற்று கசிகிறது என்று.
இடது கால் தொட்டிலை ஆட்ட
வலது கை தடவிக் கசிவைத் தேடும்.
ஒட்டுத்தாளைப் பல்லால் கிழிப்பேன்.
ஒருநாள்
பிள்ளையின் அழுகைக்கு ஒட்டுத்தாள் எடுத்தேன்.
அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்று புள்ளி ஐந்து என்றாள் மரிசெல் ஒரு வெள்ளி.
குச்சியை எனக்கே காட்டினாள்.
நான் அழ, "நோகுதா?" என்றாள்.

ஏழாம் கிழமை பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.
இன்னும் சுண்டுவிரல் நுனியளவு பாக்கி,
அது தானாக மூடுமாம்.

அன்றிரவு வீடு செவிடாகிக் கிடந்தது.
பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று,
பிள்ளை அழுகிறாள்.
தோளில் போட்டு நடந்தாலும் அழுகிறாள்.
காய்ச்சலா என்று மூன்று தரம் பார்த்தேன்,
அவளுக்கும், பழக்கத்தில் எனக்கும்.
பிறகுதான் விளங்கியது.

உச்சியில் வாய் வைத்து
உர்ர்ர் என்றேன்.
ஒரே சுருதி, மூச்சு முடிய விட்டு, மறுபடி உர்ர்ர்.
கண் செருகியது அவளுக்கு.

விடிய வந்த சுகிர்தன்
ஒரு சப்பாத்தோடு கதவில் நின்றான்.
"பெட்டியை இன்னும் எடுக்கேல்லையா?"

கதைக்காதே என்று கை காட்டினேன்.
நிறுத்தினால்
முழிச்சிடுவாள்.