முந்தி வந்த பஸ்

பத்தொன்பது வருசம் வின்னிபெக்கில் பஸ் ஓட்டினேன்.
பிந்தினால் பனியைச் சாட்டலாம்,
ரயில் கடவையைச் சாட்டலாம்.
முந்தினால் சாட்ட ஒன்றுமில்லை.
இரண்டு நிமிடம் முந்திப் போனதற்கு
ஒருமுறை கடிதமே தந்தார்கள்.

இப்போது நான் பயணி.
கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்குள் ஒரு தரிப்பிடம்;
மரிவிக் ஊசியை அதில் கொண்டுவந்து நிறுத்துகிறாள்.

முதல் தடவை பிளாட்டினம் இரண்டு மணித்தியாலத்தில் இறங்கியது.
வாசலில் மைனஸ் இருபத்தெட்டு.
ஒரே ஒரு மூச்சு.
தொண்டை சாத்திக்கொண்டது.
காற்று போய்வந்துகொண்டுதான் இருந்ததாம்,
பிறகு சொன்னார்கள்.
எனக்கு அது தெரியாதே.

அடுத்த முறை ஆறு மணித்தியாலம்.
"மருந்தைக் குறைச்சிட்டீங்களோ?"
"ஒரு மில்லிகிராம்கூட இல்லை,
ஓட்டத்தை மட்டும்."

அதே அளவென்றால் அதெப்படி என்று கேட்டாள் சிவமலர்.
கறிக்குப் போடுகிற உப்பை
ஒரே வாயில் போட்டுப் பார் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மற்ற மருந்து வேறு சாதி.
இரத்தத்துக்குள் கால் மணிக்குள்ளேயே பாதியாகிவிடும்.
ஒரேயடியாய் ஏற்றினால் எலும்பு மஜ்ஜையில் போய் இடிக்கும்,
வெள்ளணுக்கள் விழும்.
மெல்ல மெல்ல விட்டால் உள்ளங்கையை உரிக்கும்.
எந்தப் பாதையால் போனாலும் கட்டணம் உண்டு.

எனக்கு எழுதினது நாற்பத்தாறு மணித்தியாலம்.
குழந்தையின் பால்போத்தல் அளவில் ஒன்று,
உள்ளே பலூன்,
சத்தமில்லை, பற்றரி இல்லை.
வேலைக்குக் கட்டிப்போன இடுப்புப் பைக்குள் அதை வைத்திருக்கிறேன்.
இரவில் எனக்கும் மலருக்கும் நடுவில் கிடக்கும்.
எழும்பி எழும்பிப் பார்ப்பேன்.
சுருங்கினது தெரியும்.
சுருங்குவதைக் காண ஏலாது.

புதன்கிழமை, பால் எடுக்க
பிரிட்ஜுக்கு முன்னால் கம்பளிக் கையுறையோடு நிற்கிறேன்.
உறைக்குள்ளே கை சிவந்து எரிகிறது,
ஸ்டியரிங்கைப் பத்துக்கும் இரண்டுக்குமாய்ப் பிடித்த
அதே இடம்.

செவ்வாய் பின்னேரம் மூன்றுக்குக் கொழுவினது
வியாழன் மத்தியானம் ஒன்றுக்குக் கழரவேண்டும்.
பன்னிரண்டே முக்காலுக்கே வந்துவிட்டேன், பழக்கதோசம்.

யன்னலுக்குக் கீழே என் பழைய தடம்.
பஸ் நிற்கிறது. எல்லாரும் ஏறியாச்சு.
கதவு மூடியிருக்கிறது, பச்சை எரிகிறது,
அது போகவில்லை.
உள்ளே யாராவது ஏசிக்கொண்டிருப்பார்கள்.
எனக்கும் ஏசியிருக்கிறார்கள்:
என்னத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய், எடன்.
பின்னால் திரும்பி விளங்கப்படுத்த ஒருநாளும் எனக்கு வாய் வந்ததில்லை.
முந்தி வந்த நிமிடத்தை
நின்றுதான் கரைக்கவேணும்.

மரிவிக் பலூனைத் தூக்கிப் பார்த்தாள்.
இன்னும் கொஞ்சம் இருக்காம்.
"அவசரமோ?"

இல்லை என்றேன்.
சந்தி மூலையில், பனியில் சறுக்கிச் சறுக்கி
ஒரு சிவப்புக் கோட்டு
ஓடி வருகிறது.